கிறிஸ்தோபர் கட்டிவைத்த நீல வயர்கள்

பல்லுப் பிடுங்கப் போகவேண்டும் என்று கிறிஸ்தோபர் சொன்ன பொய்யை அவருடைய கேங்கில் ஒருத்தரும் நம்பவில்லை. பல்லுப் பிடுங்கப் போகிறவன் முதல்நாளே தாடையைப் பிடித்துக்கொண்டு திரிவான். இவரோ தலைக்கு எண்ணெய் வைத்து, மீசையை அளவாய்க் கத்தரித்து, பேப்பரில் சுற்றிய வெள்ளைச் சேட் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்கு வந்திருந்தார்.

"என்ன அண்ணை, பல்லுப் பிடுங்கவும் வெள்ளைச் சேட் வேணுமே?" என்று கேட்டான் கிருஷாந்தன். அந்தக் கேங்கில் மூட்டை தூக்க எல்லாருக்கும் தெரியும், வாய் மட்டும் அவனுக்குத்தான் நீளம்.

"டொக்டர் பெரிய ஆளடா. ஊத்தைச் சேட்டோட போனா நல்ல பல்லைப் பிடுங்கிப்போடுவார்."

சிரித்துவிட்டு எல்லாரும் மூட்டைக்குக் குனிந்தார்கள்.

உண்மை என்னவென்றால், அன்று பின்னேரம் நாலு மணிக்கு முன்னம் கிறிஸ்தோபருக்குப் பதிவாளர் கந்தோரில் கலியாண எழுத்து. பெண் கிறேஸ். துறைமுகத்துக்குப் போகிற வீதியின் முடக்கில் இடியப்பமும் சொதியும் விற்கிற கிறேஸ் என்றால், அங்கே மூட்டை தூக்குகிறவனுக்கும் தெரியும், முத்திரை குத்துகிறவனுக்கும் தெரியும். அவருக்கும் மனைவி கண்மூடிப் பல வருசம். அவளுக்கும் புருசன் போய்ப் பல வருசம். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்து ஆசீர்வதிப்பதாகச் சுவாமியார் சொல்லியிருந்தார். அதற்கு முதல் எழுத்து முடியவேண்டும்.

கேங்குக்குச் சொல்லாததற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. சொல்லியிருந்தால் கப்பல் தட்டு முழுக்க அதே கதையாகத்தான் இருந்திருக்கும்.

இந்த எழுத்து முன்னமும் ஒருதரம் வைத்ததுதான். அன்றைக்கென்று பார்த்துக் கப்பல் ஒன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. வானம் கறுத்துக்கொண்டு நின்றது. மழைக்கு முதல் உரத்தை இறக்கியே ஆகவேண்டும் என்று மேலிடம் நெருக்க, கிறிஸ்தோபரால் அசைய முடியவில்லை. கிறேஸ் பட்டுச் சீலையோடு பதிவாளர் கந்தோர் பூட்டும்வரைக்கும் காத்திருந்துவிட்டுத் தனியே பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள். ஏசவில்லை. ஆனால் அடுத்த கிழமை முழுக்க அவருடைய கோப்பைக்கு மட்டும் சொதி விடவில்லை. கிழமை முடிவில்தான் வாய் திறந்தாள்.

"இன்னொருக்கா என்னை அப்பிடிக் காக்க வைச்சா, கலியாணத்துக்கும் வரவேண்டாம், சாப்பாட்டுக்கும் வரவேண்டாம்."

கிறேஸ் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். கடனுக்குச் சாப்பாடு இல்லை என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு துறைமுகத்துப் பெரிய அதிகாரி வந்தாலும் கையில் காசு இருந்தால்தான் இலை விழும். அப்படிப்பட்டவள். ஆகவே அன்று பின்னேரம் தவறினால் இந்தப் பிறவியில் இனிக் கிறேஸ் இல்லை என்பது கிறிஸ்தோபருக்கு நன்றாக விளங்கியிருந்தது.

லீவு போட்டிருக்கலாம்தான். ஆனால் அவர்கள் வேலை செய்கிற துறைமுக உரக் களஞ்சியத்தில் ஒரு முறை உண்டு. கேங் தலைவன் வராவிட்டால் அன்றைய வேலை மற்ற கேங்குக்குப் போய்விடும். தன்னுடைய கலியாணத்துக்காக மற்றவர்களின் நாட்கூலியை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை. வந்தார். எல்லாரையும் முடுக்கினார். தம்பலகாமத்து வயல்களுக்குப் போகவேண்டிய உரம் முழுவதையும் மத்தியானத்துக்குள் லொறிகளில் ஏற்றி, படங்கு போட்டு மூடி, கயிறு இழுத்துக் கட்டியும் ஆயிற்று. பைப்படியில் முகம் கழுவி, வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு கேற்றுக்குப் போனார்.

கேற் பூட்டியிருந்தது.

"கார்ட் வேல செய்யல்ல மச்சான்," என்றார் காவலாளி ஜெமீல். மூதூர்க்காரர், கிறிஸ்தோபருடன் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர். "கொம்பியூட்டர் படுத்திட்டு."

"அப்ப கையால எழுதிப்போட்டு விடன்."

"அந்தக் காலம் போச்சு. ஆர் உள்ள, ஆர் வெளிய எண்டு மிஷின்தான் சொல்லோணும். இது துறைமுகம் மச்சான், என்ட கடை இல்ல. கார்ட் அடிக்காம ஒரு பூனைய விட்டாலும் நாளைக்கு எனக்கு வேல இல்ல."

"எனக்குப் பல்லு..."

"வெத்தில போட்ட பல்லெல்லாம் ஒரு நாளைக்குள்ள விழாது. இரி, வரும்."

வரவில்லை. கிறிஸ்தோபர் கந்தோருக்குப் போய் எட்டிப் பார்த்தார். நீள மண்டபத்தில் வரிசையாக இருந்த கொம்பியூட்டர்கள் எல்லாம் ஒரே மாதிரி நீலமாகி, இங்கிலீசில் ஏதோ மன்னிப்புக் கேட்டு, அணைந்து, திரும்பவும் எழும்பி, திரும்பவும் நீலமாகிக்கொண்டிருந்தன. லொறி நிறுக்கிற தராசின் கொம்பியூட்டரும் அப்படியே. முகாமையாளர் றுவைஸ் சேர் ரெலிபோனைக் காதில் வைத்தபடி கதிரைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். எழுதுவினைஞர்கள் வேலையில்லாமல் ஆளுக்கொரு தேத்தண்ணியோடு வெளிவிறாந்தையில் நின்றார்கள்.

"என்ன சேர் இது?"

"பாதுகாப்பு அப்டேட் கிறிஸ்தோபர். கொம்பியூட்டருக்குள்ள கள்ளன் வராம இருக்க, கொழும்புத் தலைமைக் கந்தோரில இருந்து காலைல அனுப்பின. அனுப்பினதில தான் பிழையாம்."

பின்னாலேயே வந்து நின்ற கிருஷாந்தன் சும்மா இருப்பானா?

"கள்ளன் உள்ள வரேல்ல சேர், அது சரி. நாங்கள்தான் வெளிய போக ஏலாமக் கிடக்கு."

"கொழும்பில என்ன சொல்லுறாங்கள் சேர்?" என்று கேட்டார் கிறிஸ்தோபர்.

"நாளைக்கு வேற அப்டேட் ஒண்டு வருமாம். அதுவரைக்கும் பொறுக்கட்டாம்."

நாளைக்கு! கிறிஸ்தோபருக்கு உண்மையாகவே பல்லுக் கொதித்தது.

நல்லகாலம், றுவைஸ் சேர் கொழும்பை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவில்லை. நகரத்தில் கொம்பியூட்டர் திருத்துகிற கடையில் வேலை செய்யும் ஹுஸ்னியாவுக்கும் அறிவித்திருந்தார். கிண்ணியா ஊர்ப் பிள்ளை. ஸ்கூட்டியில் வந்து கேற்றடியில் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

"உள்ள வரலாம்," என்றார் ஜெமீல். "வெளிய போறத நீங்கதான் பாத்துக்கொள்ளோணும்."

"அப்ப நானும் மாட்டினனா நானா?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்கு நானா என்றால் அண்ணன்.

"இன்னும் இல்ல. இப்பதான் மாட்டுறீங்க," என்று கேற்றை அவளுக்குப் பின்னால் சாத்தினார் அவர்.

ஹுஸ்னியா மண்டபத்துக்குள் வந்து எல்லாக் கொம்பியூட்டரையும் ஒருதரம் பார்த்தாள். பதறவில்லை. காலையில் நகரத்தில் இரண்டு இடத்தில் இதே நோயைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் கையை விட்டு, கொம்பியூட்டர்களைத் தலைமைக் கந்தோருடன் இணைக்கிற நீல வயர்களைக் கழற்றி, கழற்றின கழற்றினபடியே தரையில் விட்டாள். பிறகு தராசுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். அது எழும்புகிற நேரம் பார்த்து சுவிச்சை அமத்திப் பிடித்து அணைத்தாள். திரும்ப எழுப்பினாள். திரும்ப அணைத்தாள். அப்படி எழும்ப எழும்ப விழுத்திக்கொண்டிருந்தால், கடைசியில் அது "எனக்கு என்ன வருத்தம்?" என்று தானே கேட்குமாம். கேட்டது. காலையில் வந்த அப்டேட்டைக் கழற்று என்று ஹுஸ்னியா அதற்குச் சொன்னாள்.

கிறிஸ்தோபர் பக்கத்தில் நின்று மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றுகிற வேலை மெல்ல மெல்லத்தான் நடந்தது. நின்ற கால் சும்மா நிற்குமா? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தார். அப்போதுதான் தரையில் கிடந்த வயர்களைக் கண்டார்.

கப்பலில் வேலை செய்கிறவனுக்குத் தரையில் கிடக்கிற கயிற்று நுனியைக் கண்டால் கண்ணில் தூசி விழுந்த மாதிரி. தளத்தில் தளர்வாய்க் கிடந்த ஒரு கயிறு, இழுபட்ட வேகத்தில் ஒரு ஆளின் கணுக்காலைக் கொண்டுபோனதை அவர் கண்ணால் கண்டவர். அன்று தொடக்கம் அவருடைய கேங்கில் ஒரு சட்டம்: கயிற்று நுனி கண்டால், அது ஆருடையதாக இருந்தாலும், அது இருக்கவேண்டிய இடத்தில் கொண்டுபோய் மாட்டு, மிச்சத்தைச் சுருட்டிக் கட்டு. கேட்டுக்கொண்டு நிற்காதே. அந்தக் கை அவருடைய யோசனைக்காகக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு மேசைக்கும் பின்னால் குனிந்து, வயர் நுனியை ஓட்டைக்குள் தள்ளினார். 'டிக்' என்று விழுந்தது. மிச்சத்தை வட்டமாய்ச் சுருட்டி, இடுப்பில் எப்போதும் சொருகியிருக்கும் சணல் நூலால் மேசைக்காலோடு சேர்த்து ஒரு முடிச்சு. பார்க்கவே அழகாக இருந்தது.

அந்த நேரம் தராசுக் கொம்பியூட்டர் எழும்பியது! பச்சைப்புல்லும் ஆகாயமுமாய்ப் படம் வந்தது. விறாந்தையில் நின்றவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். கிருஷாந்தன் விசிலும் அடித்தான்.

"இனி அடுத்தது," என்று ஹுஸ்னியா மற்ற மேசைக்குப் போனாள். அதையும் விழுத்தி எழுப்பி, விழுத்தி எழுப்பி, அப்டேட்டைக் கழற்றினாள். அதுவும் எழும்பியது. அடுத்ததற்குப் போய்ப் பாதியில் நிற்கும்போது யாரோ கத்தினார்கள்.

"மிஸ்! தராசு திரும்பவும் நீலம்!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். மற்றதும் நீலமாகியது. ஹுஸ்னியாவின் முகம் முதல்முறையாக மாறியது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதிரையில் இருந்துவிட்டாள்.

"இது எப்படி நடக்கும்? கழட்டின சாமான் தானா எப்படி வரும்?"

கிறிஸ்தோபர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்று மணியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கிறேஸுக்கு அழைப்போமா என்று ரெலிபோனைக் கையில் எடுத்தார். என்ன சொல்வது? போனமுறை கப்பல் வந்துவிட்டது என்றார். இந்தமுறை அப்டேட் வந்துவிட்டது என்றால் நம்புவாளா? ரெலிபோனைத் திரும்பவும் பொக்கற்றுக்குள் வைத்தார்.

அந்த நேரம் வெளியில் ஒரு ஓட்டோ நிற்கிற சத்தம். கொஞ்ச நேரத்தில் கிருஷாந்தன் ஓடி வந்தான். சிரிப்பை அடக்க ஏலாமல் அவனுக்கு மூக்கெல்லாம் விரிந்திருந்தது.

"அண்ணை, உங்கட பல்லு கேற்றடியில வந்து நிக்குது. பட்டுச் சீலையோட."

மண்டபம் ஒரேயடியாய் வெடித்தது. எழுதுவினைஞர்கள் சிரிக்கிறார்கள், கேங்காரர் மேசையில் தட்டுகிறார்கள். றுவைஸ் சேர் ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். கிறிஸ்தோபர் ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் கேற்றுக்கு நடந்தார். பின்னால் முழுக் கேங்கும் போனது.

கேற்றுக் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் கிறேஸ் நின்றாள். மயில்நிறப் பட்டு. கொண்டையில் மல்லிகைப் பூச்சரம். இடியப்பக் கடையில் ஆவிக்கு நடுவே பார்த்த முகம் இன்று வெயிலில் வேறு மாதிரி இருந்தது.

"இந்தமுறை நான் அங்க போய்க் காத்துக்கொண்டு இருக்கிறேல்ல எண்டு முடிவெடுத்தனான்," என்றாள் கிறேஸ். "ஆளை வழியில ஏத்திக்கொண்டே போவம் எண்டு வந்தன். ஏன் இந்தக் கேற் பூட்டிக் கிடக்கு?"

"கொம்பியூட்டர் படுத்திட்டுது கிறேஸ்."

"போனமுறை கப்பல். இந்தமுறை கொம்பியூட்டர்."

"சத்தியமா!"

"தங்கச்சி, உண்மைதான்," என்று ஜெமீல் குறுக்கே விழுந்தார். "நானும் உள்ளதான் நிக்கிறன். மனிசன்ட பிழை ஒண்டும் இல்ல."

"அக்கா," என்றான் கிருஷாந்தன், "இவர் எங்களுக்குப் பல்லுப் பிடுங்கப் போறன் எண்டு சொன்னவர்."

கிறேஸ் கிறிஸ்தோபரை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ. நான் பல்லோ? எந்தப் பல்லு? சொத்தைப் பல்லோ?"

கேங் முழுக்க ஆரவாரம். கிறிஸ்தோபர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஆனால் கிறேஸின் உதட்டோரத்தில் சிரிப்பு ஒன்று வந்து வந்து போவதைக் கடைக்கண்ணால் கண்டுவிட்டார். அது போதும் என்றிருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்: "நாலு மணிக்குப் பதிவாளர் எழும்பிப் போயிடுவார். அதுமட்டும் இந்தக் கம்பியில நிப்பன். அதுக்குப் பிறகு நிக்க மாட்டன். நான் சொன்னது சொன்னதுதான்."

ஹுஸ்னியாவும் பின்னால் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். விறுக்கென்று திரும்பி மண்டபத்துக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"இந்த வயர எல்லாம் ஆர் திருப்பி மாட்டின?"

கிறிஸ்தோபர் உள்ளே போனார். ஹுஸ்னியா மேசைக்குக் கீழே முழங்காலில் நின்று, மேசைக்காலில் இருந்த முடிச்சை நகத்தால் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"மாட்டினது மட்டுமில்ல, கட்டியும் வெச்சிருக்கு! இந்த முடிச்ச எப்படிப் பிரிக்கிற?"

கிறிஸ்தோபர் முடிச்சைப் பார்த்தார். வேறு ஆரோ என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த முடிச்சைத் துறைமுகத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும்.

"நான்தான் பிள்ளை. நுனி தரையில கிடந்தது. ஆரும் தடக்கி விழுந்திடுவினம் எண்டு..."

ஹுஸ்னியா எழும்பி நின்றாள். ஏசப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"அண்ணன், அந்த வயர் வழியாத்தான் பிழையான அப்டேட் வருது. நான் ஒண்டு ஒண்டாக் கழட்டிக்கொண்டு போறன், நீங்க பின்னால திருப்பிக் குடுத்துக்கொண்டு வாறீங்க. இனிமேல் அப்டேட் எடுக்காத எண்டு கொம்பியூட்டருக்குச் சொன்னதுக்குப் பொறகுதான் வயர மாட்டோணும்." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு முட்டிவிட்டது. மேசையில் சாய்ந்து, முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "உங்கட கலியாணத்துக்கு நீங்களே கேற்றைப் பூட்டியிருக்கீங்க!"

கிருஷாந்தன் கேற்றுக்கு ஓடி இந்தச் செய்தியைக் கிறேஸுக்குச் சுடச்சுடக் கொண்டுபோனான். அங்கேயிருந்து கிறேஸின் சிரிப்பு மண்டபம் வரைக்கும் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அவள் அப்படிச் சிரித்துக் கிறிஸ்தோபர் கேட்டதே இல்லை. அவமானமாய் இருந்தாலும் காதுக்கு நன்றாய் இருந்தது.

ஆனால் நேரம் சிரிக்கவில்லை. ஹுஸ்னியா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ஒண்டு முடிச்சு ஒண்டு எண்டு போனா இண்டைக்கு முடியாது. எல்லாத்தையும் ஒரேயடியாச் செய்யோணும். எனக்கு ரெண்டு கைதான் இரிக்கு."

"எங்களிட்டக் கனக்கக் கை கிடக்கு பிள்ளை," என்றார் கிறிஸ்தோபர். "என்ன செய்யவேணும் எண்டு சொல்லு."

சொன்னாள். முதலில் வயர் எல்லாம் கழற்றவேண்டும். முடிச்சுகளைக் கிறிஸ்தோபரே ஒரு இழுவையில் பிரித்தார். பிறகு கொம்பியூட்டருக்கு ஒருத்தராகக் கேங்காரர் போய் நின்றார்கள். உரத்தூள் படிந்த விரல்கள் சுவிச்சுக்கு மேலே காத்திருந்தன. கேற்றுக் கொம்பியூட்டர் காவல் கொட்டிலுக்குள் இருந்தது. அதற்கு ஜெமீல். எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்து, ஒரே நேரத்தில் எழும்பினால், ஹுஸ்னியா அந்த வரிசையில் நடந்தபடியே ஒவ்வொன்றுக்கும் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொண்டு போகலாம்.

"திரையில வட்டம் சுத்தத் தொடங்கின உடன பிடிக்கோணும். அணைஞ்ச உடன விடோணும். எல்லாரும் ஒண்டா. ஆர் சொல்லுற?"

கேங்கில் அதைக் கேட்கத் தேவையில்லை. பாரமான பெட்டியை எல்லாரும் ஒன்றாய்த் தூக்கும்போது குரல் கொடுக்கிறவர் ஒருவர்தான். கிறிஸ்தோபர் மண்டப வாசலில் போய் நின்றார். ஒரு கண் உள்ளே, ஒரு கண் கேற்றில். தொண்டையைச் செருமினார்.

"ஓ...ய், பிடி!"

"பிடிச்சம்!" என்றது மண்டபம்.

காவல் கொட்டிலுக்குள் ஜெமீலுக்குக் கேட்கவில்லை. ஆனால் கேற்றுக் கம்பியில் நின்ற கிறேஸுக்குக் கேட்டது. கொட்டிலின் சின்ன யன்னல் அவளுக்குப் பக்கத்தில்தான். எட்டி நின்று கத்தினாள்.

"பிடிக்கட்டாம் நானா!"

"பிடிச்சிட்டன்!"

"பிடிச்சாச்சாம்!" என்று கிறேஸ் திருப்பிக் கத்தினாள். வீதியால் போன சைக்கிள்காரன் ஒருவன் பட்டுச் சீலைப் பெண்ணின் சத்தத்தைக் கேட்டுக் காலூன்றி நின்றான்.

"ஓ...ய், விடு!"

"விட்டம்!"

"விடட்டாம் நானா!"

இரண்டாம் முறை இன்னும் வாய்ப்பாய் வந்தது. மூட்டை இறக்குகிற தாளம் ஆட்களின் உடம்பில் ஏறிவிட்டது. தேத்தண்ணியோடு நின்ற எழுதுவினைஞர்களும் "பிடிச்சம், விட்டம்" என்று சேர்ந்து கத்தினார்கள். றுவைஸ் சேர் தன்னுடைய கொம்பியூட்டருக்குத் தானே போய்ச் சுவிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொழும்பிலிருந்து ரெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கை இல்லை. கிருஷாந்தன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்ததில் வட்டம் சுற்றியதைக் கவனிக்கவில்லை.

"கிருஷாந்தா, உன்ர மூட்டை விழுந்திட்டுதடா!" என்று வாசலில் இருந்து கத்தினார் கிறிஸ்தோபர்.

"பொறுங்கோ அண்ணை, திரும்பத் தூக்குறன்!"

மூன்றாம் முறை விட்டதும் ஒவ்வொரு திரையாய் மாறியது. வருத்தம் என்னவென்று கேட்கிற அந்தத் திரை. ஹுஸ்னியா வரிசையில் நடந்தாள். இங்கே அமத்து, அங்கே அமத்து, அடுத்தது. கடைசியாய் முற்றத்தைக் கடந்து காவல் கொட்டிலுக்கு ஓடினாள். பிறகு பொறுத்திருக்கிற வேலைதான். சின்னச் சின்னப் புள்ளிகள் திரைகளில் சுற்றிக்கொண்டிருந்தன. கிறிஸ்தோபர் கேற்றடிக்கு வந்து நின்றார். கம்பிக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் கிறேஸ்.

"தொண்டை போச்சு," என்றாள் கிறேஸ்.

"உன்ர குரலுக்குக் கேங்கில ஒரு இடம் கிடக்கு."

"எனக்குக் கடை கிடக்கு. நீங்கள்தான் அங்க வந்து இடியப்பம் பிழியவேணும்." பிறகு மெல்லச் சொன்னாள். "சேட் நல்லாய்க் கிடக்கு."

அவர் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சேட்டின் முன்பக்கம் மேசைகளுக்கு அடியில் குனிந்ததில் ஒட்டடையும் தூசியுமாய் இருந்தது. அவள் கம்பிக்குள்ளால் கையை நீட்டி ஒரு ஒட்டடையைத் தட்டிவிட்டாள்.

"வந்திட்டு!" என்று கொட்டிலுக்குள்ளே இருந்து ஹுஸ்னியா கத்தினாள். மண்டபத்துப் பக்கமும் ஆரவாரம். அப்டேட் இனி எடுக்காதே என்று அவள் ஒவ்வொன்றுக்கும் கட்டளை போட்ட பிறகுதான் நீல வயர்கள் திரும்ப மாட்டப்பட்டன. ஒன்றுகூட நீலமாகவில்லை. தராசு முதல் லொறியின் நிறையை எடுத்து, ரசீதைக் கரகரவென்று அடித்துத் தள்ளியது.

"மாப்பிள்ளை முதல்ல!" என்றார் ஜெமீல்.

கிறிஸ்தோபர் கார்ட்டை வைத்தார். பச்சை வெளிச்சம். கேற் அசைந்தது. அவர் வெளியே கால் வைத்ததும் கேங் பின்னால் வரிசை கட்டியது. ஆளுக்காள் கார்ட்டை வைத்து வைத்து வெளியே வந்தார்கள். றுவைஸ் சேர் களஞ்சியத்துப் பிக்கப்பின் திறப்புக் கொத்தைக் கிருஷாந்தனிடம் எறிந்தார்.

"கொண்டு போய் விடு. கெதியா! ஹோனை அடிச்சுக்கொண்டே போ!"

ஓட்டோவில் கிறிஸ்தோபரும் கிறேஸும். பின்னால் ஸ்கூட்டியில் ஹுஸ்னியா. அதற்குப் பின்னால் பிக்கப் நிறைய உரத்தூள் படிந்த ஆட்கள். முடக்கில் கிறேஸின் கடையைத் தாண்டும்போது, சாப்பிடுவதற்காக வந்து பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் கையசைத்தார்கள். கிறேஸ் ஓட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி, "நாளைக்கு வாங்கோ, இண்டைக்கு எனக்கு வேலை!" என்று கத்தினாள்.

பதிவாளர் எழும்பி, பையைத் தோளில் போட்டு, மின்விசிறியை நிறுத்தக் கையை வைத்திருந்தார். வாசல் முழுக்க ஆட்கள் வந்து நின்றதும் திடுக்கிட்டார்.

"என்ன, வேலைநிறுத்தமா?"

"கலியாணம் ஐயா," என்றார் கிறிஸ்தோபர்.

"இத்தனை பேருக்குமா?"

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்றதும் உள்ளே சண்டை வந்துவிட்டது. கேங்கில் எல்லாருக்கும் சாட்சியாக வேண்டும். பல்லுக் கதையை முதலில் கண்டுபிடித்தது தான்தான் என்று கிருஷாந்தன் அடித்துச் சொன்னான். கிறேஸ் கையை உயர்த்தினாள்; எல்லாரும் அடங்கினார்கள்.

"கிருஷாந்தன் ஒண்டு. மற்றது இந்தப் பிள்ளை."

"நானா?" என்றாள் ஹுஸ்னியா.

"நீங்கள் இல்லாட்டி நான் இப்ப வீட்டில சீலையை மடிச்சுக்கொண்டு இருந்திருப்பன்."

பதிவாளர் எழுத வேண்டியதை எழுதினார். பையைத் தோளிலிருந்து இறக்காமலே எழுதினார். எழுதி முடித்துப் பேனையைக் கிறிஸ்தோபரிடம் நீட்டினார்.

"இதில கையெழுத்து."

கிறிஸ்தோபர் பேனையைப் பிடித்தார். நுனியைத் தாளில் வைத்தார். அந்த நேரம் ஹுஸ்னியாவின் ரெலிபோன் அடித்தது. மெல்ல எடுத்துக் கதைத்தாள்.

"சொல்லுங்க றுவைஸ் சேர்... என்ன? புதுசா ஒரு அப்டேட் வந்து நிக்குதா? ஐயோ, வேணாம் சேர்! தொடாதீங்க! கைய எடுங்க! எடுங்க!"

கிறிஸ்தோபர் பேனையோடு கையைச் சட்டென்று உயர்த்தினார். அப்படியே ஆகாயத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிறேஸ் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தாளுக்கு இறக்கி வைத்தாள்.

"உங்களை இல்லை," என்றாள். "நீங்கள் போடுங்கோ."